ஐந்து குதிரை கந்தப்பளை ஏறினால் நான்கு

மாமாவிடம் ஒரு எம்.டி. 90 இருக்கிறது. ஜப்பானில் தபால்காரரைச் சுமந்து ஓய்வு பெற்று, கப்பலேறி இங்கே வந்து இரண்டாவது உத்தியோகம் பார்க்கிற அந்தச் சிவப்பு ஹொண்டாதான். நுவரெலியாவுக்குப் பக்கத்தில், எங்கள் கந்தப்பளைப் பக்கம் இந்த வண்டி இல்லாத தேயிலைத் தோட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாமா லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் கரட்டும் லீக்ஸும் போடுகிறார். மூட்டையைக் கட்டிக்கொண்டு மேல் ரோட்டுக்கு ஏறும்போது கடைசி வளைவில் வண்டி திணறும். முதல் கியருக்கு வந்து, ஒரு காலை ஊன்றி, இன்ஜினைக் கெட்ட வார்த்தையில் திட்டி, எப்படியோ ஏறிவிடுவார். தோட்டத்துப் பையன்கள் சைலன்சருக்குள் இருக்கிற தடுப்பைப் பிடுங்கிப் போட்டால் பறக்கும் என்று சொல்லிவிட்டார்கள், அவரும் ஹேக்சோவோடு உட்கார்ந்துவிட்டார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பொறுங்க மாமா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அந்தப் பொறுங்க நான்கு மாதம் இழுத்தது. 2022 ஏப்ரல் அது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலம் நினைவிருக்கும், லெப்டொப்பில் சார்ஜ் இருக்கிற நேரத்துக்குள் செய்ததுதான் வேலை. பெற்றோல் செட்டில் வரிசை வேறு. வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் இருந்த எனக்கு, கெம்பஸ் காலத்தில் எடுத்த இன்ஜின் மென்பொருளின் மாணவர் உரிமம் இன்னும் சில மாதம் மிச்சம் இருந்தது, அதனால் ஆரம்பித்தேன்.

இன்ஜினுக்குள் காற்று வந்து போவதைக் கணக்குப் போடுகிற மென்பொருட்களில் ஜி.டி.-பவர், ரிக்கார்டோ வேவ், ஏ.வி.எல். பூஸ்ட் என்று காசு கொடுத்து வாங்குபவை உண்டு. ஸ்பெயினில் வலென்சியா பொலிடெக்னிக் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதிய ஓப்பன்வாம் மாதிரித் திறந்த மூலத்தில் கிடைப்பதும் உண்டு. எதைத் திறந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: பெட்டிகள், அவற்றை இணைக்கும் குழாய்கள். இடது பக்கம் வெளிக்காற்று, வலது பக்கம் வெளிக்காற்று, நடுவில் சிலிண்டர். இவை போடுவது ஒரு பரிமாணக் கணக்கு. ஒரு பரிமாணம் என்றால் என்ன என்று மாமா கேட்டதற்கு நான் சொன்ன உதாரணத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கொழுந்து நிறுப்பதற்காகக் கூடையோடு பெண்கள் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக இறங்கி வருகிறார்கள். யாரும் ஓரம் ஒதுங்க முடியாது, முன்னே போகலாம், இல்லாவிட்டால் நிற்கலாம். முன்னால் ஒருவர் திடீரென்று நின்றால், ஆட்கள் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே நெருக்கம் மட்டும் மேல்நோக்கிப் பின்னால் போகும். ஆள் போகிற திசை வேறு, நெருக்கம் போகிற திசை வேறு. குழாய்க்குள் காற்றும் அமுக்க அலையும் அப்படித்தான். குழாயின் குறுக்கே என்ன நடக்கிறது, வளைவில் எப்படிச் சுழல்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் கிடையாது, வளைவுக்கு ஓர் இழப்பு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். நீளவாக்கில் மட்டும் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் திணிவு, உந்தம், சக்தி மூன்றும் காக்கப்படுகிறதா என்று நொடிக்குப் பல்லாயிரம் தடவை கணக்குப் பார்க்கிறது. இதன் கணிதம் இன்ஜினைவிடப் பழையது. பெரிய வீச்சுள்ள காற்றலை எப்படி ஓடும் என்று ரீமான் எழுதியது 1860இல், பெற்றோல் மோட்டார் சைக்கிள் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பு.

சரி, மாடல். உண்மையில் வேலையில் முக்கால்வாசி கம்ப்யூட்டருக்கு வெளியேதான் நடந்தது, அதுவும் கை முழுக்கக் கிரீஸோடு. கராஜ் பாஸிடம் ஹெட்டைக் கழற்ற அனுமதி வாங்கி, வெர்னியரைப் பிடித்து அளந்தேன். சிலிண்டர் துளை 50 மி.மீ., ஸ்ட்ரோக் 45.6 மி.மீ. பெருக்கினால் 89.5 சி.சி. அமுக்க விகிதத்துக்கு, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பார்மசியில் வாங்கிய 10 மில்லிலீற்றர் சிரிஞ்சால் ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாக ஒயில் விட்டேன். 12.4 மில்லிலீற்றர் பிடித்தது, ஆக 8.2. முதல் தடவை 14 மில்லிலீற்றர் வந்தது, ஏனென்றால் வால்வு வழியாக ஒயில் கசிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒயிலு பைப்புல சொட்டுது" என்றார். அவருக்கு அன்றைக்கு முழுவதும் அதுதான் பொழுதுபோக்கு.

வால்வு உயர்வை அளந்ததுதான் கொடுமை. வால்வைத் தள்ளித் திறக்கிற கேமின் வடிவம் மாடலுக்கு உயிர், அதைத் தோராயமாகப் போட முடியாது. அட்டையில் ஒட்டிய பாகைமானியைக் கிராங்கில் மாட்டி, டயல் கேஜை வால்வின் தலையில் வைத்து, ஐந்து ஐந்து பாகையாகத் திருப்பி எழுதினேன். இரண்டு வால்வுக்கும் சேர்த்து இருநூறுக்கு மேற்பட்ட அளவுகள், கை நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து, கந்தப்பளைக் குளிரில் கை நடுங்காமல் என்ன செய்யும். இதைச் செய்வதற்கு முன்னால் நான் ஒரு குறுக்கு வழி பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பழைய கையேடுகளில் வால்வு திறக்கும், மூடும் பாகைகள் கொடுத்திருப்பார்கள், அதை அப்படியே மென்பொருளில் இருந்த மாதிரிக் கேமில் போட்டேன். கையேடு சொல்வது வால்வு 1 மி.மீ. உயர்ந்த நிலையில் எடுத்த பாகை, மென்பொருள் எதிர்பார்த்ததோ வால்வு இருக்கையை விட்டு எழும்புகிற பாகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்கத்துக்கு இருபது பாகைக்கு மேல் வித்தியாசம். என் இன்ஜின் பாதி மூச்சில் வாயை மூடிக்கொண்டு, மேல் வேகத்தில் காற்றே இல்லாமல் கிடந்தது. கேம் அளவுகளைச் சொல்கிறவர்களிடம் எந்த உயர்வில் எடுத்தது என்று கேட்காமல் அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

அப்புறம் திரையில் பெட்டிகளை அடுக்கினேன். வெளிக்காற்று, ஏர் கிளீனர் பெட்டி, றப்பர் குழாய், காபுரேட்டருக்குப் பதிலாக ஒரு த்ரொட்டில் துவாரமும் எரிபொருள் தெளிப்பானும், சின்ன இன்டேக் குழாய், ஹெட்டுக்குள் போகும் போர்ட், வால்வு, சிலிண்டர், மறுபடி வால்வு, போர்ட், எக்ஸோஸ்ட் குழாய், சைலன்சருக்கு மூன்று அறைகளும் அவற்றுக்கு நடுவே துவாரமிட்ட தடுப்புகளும், கடைசியில் மறுபடி வெளிக்காற்று. எரிதலுக்கு வீபே சார்பு. எவ்வளவு எரிபொருள் எத்தனையாவது பாகையில் எரிந்து முடிந்திருக்கும் என்பதை ஒரு வளைந்த எஸ் மாதிரிக் கோட்டில் சொல்கிற சமன்பாடு அது. பாதி எரிந்து முடிகிற இடத்தை டி.டி.சி.க்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கிற நிலைக்கு, 8 பாகை பிறகு வைத்தேன், அதுதான் வழக்கமான தொடக்கம். சுவருக்குப் போகும் வெப்பத்துக்கு வோஷ்னி 1967இல் கொடுத்த சமன்பாடு. சுவர் வெப்பநிலைகளுக்கு ஹெட் 550, பிஸ்டன் 590, சிலிண்டர் 450 கெல்வின் என்று எல்லோரும் முதலில் போடுகிற எண்களையே போட்டேன்.

குழாய்களை எவ்வளவு நீளத் துண்டுகளாக வெட்டுவது என்பதில் ஒரு வழக்கம் இருக்கிறது, இன்டேக் பக்கம் சிலிண்டர் துளையின் 0.4 மடங்கு, எக்ஸோஸ்ட் பக்கம் 0.55 மடங்கு. எனக்கு 20 மி.மீ.யும் 27 மி.மீ.யும். இதில்தான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காபுரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் 3 மி.மீ. தடிப்பில் ஒரு கேஸ்கெட் இருந்தது, அதையும் விடக் கூடாது என்ற பக்தியில் தனிக் குழாயாகப் போட்டேன். ஓடவிட்டால் ஆமை வேகம். காரணம், கூரண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல் எழுதிவைத்த நிபந்தனை: ஒரு கணக்குப் படியில் அலை ஒரு துண்டுக்கு மேல் தாண்டக் கூடாது. 20 மி.மீ. துண்டைக் காற்றும் ஒலியும் சேர்ந்து கடக்க ஏறக்குறைய 45 மைக்ரோ செக்கன், 3 மி.மீ. துண்டைக் கடக்க 7 மைக்ரோ செக்கன்கூட ஆகாது. ஒரே ஒரு குட்டித் துண்டுக்காக முழு மாடலும் ஏழு மடங்கு சின்ன அடி எடுத்து வைத்து நடந்தது. கேஸ்கெட்டைப் பக்கத்துக் குழாயின் நீளத்தோடு சேர்த்ததும் பிரச்சினை தீர்ந்தது. கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டிய ஆளுக்கு இது சின்ன விஷயமில்லை.

முதல் ஓட்டத்தின் முடிவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சக்தி மைனஸில் வந்தது. இன்ஜினை யாரோ வெளியிலிருந்து சுற்றினால்தான் சுற்றும் என்கிறது கம்ப்யூட்டர். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும், ஒரு தடவை தீப்பிடிக்க, ஒரு தடவை புகையை விட்டுக் காற்றை இழுக்க. மென்பொருளுக்குப் பூச்சியம் பாகை என்றால் தீப்பிடிக்கிற உச்சி. நான் அளந்த கேம் கணக்கில் பூச்சியம் மற்ற உச்சி. அதனால் என் இன்ஜினில் தீப்பிடிக்கிற நேரம் பார்த்து இரண்டு வால்வும் வாயைத் திறந்து வைத்திருந்தன. 360ஐக் கூட்டியதும் எல்லாம் இடத்துக்கு வந்தது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, அதுதான் பயம். இந்த மென்பொருட்கள் பெரிய வீட்டு வேலைக்காரர் மாதிரி, சொன்னதைச் செய்யும், ஏன் என்று கேட்காது.

முப்பது சுற்று ஓடியதும் எண்கள் அசையாமல் நின்றன. ஆரம்பச் சுற்றுகளைப் பார்க்கவே கூடாது, குழாய்களில் நாம் கற்பனையாக நிரப்பி வைத்த காற்று வெளியேறித் தீரும் வரை வருவதெல்லாம் குப்பை. கொழும்பு என்று நினைத்துக்கொண்டு வெளிக்காற்றை 101.3 கிலோபாஸ்கல், 30 பாகை செல்சியஸில் வைத்திருந்தேன். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 3.8 கிலோவாட், அதாவது ஐந்து குதிரை. இந்த அளவு இன்ஜினுக்கு நம்பக்கூடிய எண்தான்.

இனிமேல்தான் மாமாவின் கேள்வி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றமுக்கம் ஏறக்குறைய 80.8 கிலோபாஸ்கல். இது எங்கள் அம்மாவுக்கு எந்தக் கணக்கும் இல்லாமல் தெரியும், தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகாமல் பாடாய்ப் படுத்தும், பிரஷர் குக்கர் இல்லாத வீட்டில் விறகுதான் தீரும். மாடலில் 101.3ஐ அழித்து 80.8 என்று அடித்து, வெப்பநிலையை 15 ஆக்கி ஓடவிட்டேன். சக்தி 27 சதவீதம் இறங்கிப் போயிருந்தது. மாமாவிடம் ஓடிப்போய், "பாருங்க, கால்வாசிக்கு மேல காணாமப் போகுது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. நான் மாற்றியது இடது பக்க வெளிக்காற்றை மட்டும். வலது பக்கம், சைலன்சர் வாய் திறக்கிற இடத்தில், இன்னும் 101.3. கந்தப்பளையில் மூச்சிழுத்துக் கொழும்பில் மூச்சுவிடுகிற இன்ஜின் ஒன்றை நான் ஒரு வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அமுக்கம் அதிகம், உள்ளே இழுக்கும் காற்று கம்மி, எரிந்த புகை சிலிண்டருக்குள்ளேயே தங்கி, புதுக் காற்றுக்கு இடம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்றியதும் 3.8 என்பது 3.0 கிலோவாட் ஆனது. ஐந்து குதிரையில் நான்கு மிச்சம், இழப்பு 20 சதவீதம்.

இப்போது எனக்கு இரண்டு குழப்பம். முதலாவது, கனவளவுத் திறன் என்று ஒரு வரைபு வரும், சிலிண்டர் தன் கனவளவுக்கு எவ்வளவு காற்றை உள்ளே இழுத்தது என்பது. கொழும்பில் 82 சதவீதம், மலையிலும் 82தான், ஒரு புள்ளி இரண்டு புள்ளி கூடக் குறைய. மாற்றிய அமுக்கத்தை மென்பொருள் எடுக்கவே இல்லையோ என்று சந்தேகப்பட்டு மூன்று தடவை ஓட்டினேன். பிறகுதான் புரிந்தது. அந்தத் திறனை வகுக்கிற எண் வெளியே இருக்கிற காற்றின் அடர்த்தி. வெளியே காற்று மெலிந்தால் உள்ளேயும் அதே விகிதத்தில் மெலியும், பங்கு மாறாது. பார்க்க வேண்டியது உள்ளே மாட்டிய காற்றின் எடை: கொழும்பில் ஒரு தடவை இழுப்பதற்கு 85 மில்லிகிராம், மேலே 72. சோற்றுப் பானையில் முக்கால் பானை என்றால் எல்லா வீட்டிலும் முக்கால்தான், பானை எவ்வளவு பெரிது என்று யாரும் கேட்பதில்லை.

குழாய்களும் அப்படித்தான். அலை ஓடுகிற வேகம் அமுக்கத்தைப் பார்ப்பதில்லை, வெப்பநிலையை மட்டும் பார்க்கும். கொழும்பின் 30 பாகையில் நொடிக்கு 349 மீற்றர், எங்கள் 15 பாகையில் 340. இன்டேக் பக்கம் அலை கூடி வருகிற சுற்று வேகம் இரண்டரை சதவீதம் கீழே நகரும், அவ்வளவுதான். இடம் பெரிதாக மாறுவதில்லை, அலையின் உயரம் மட்டும் குறைகிறது. நான் முதலில் மலைக்கு வேறு நீளக் குழாய் வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன், அது வீண் கற்பனை.

இரண்டாவது குழப்பம்தான் எனக்குப் பிடித்தது. காற்று 16 சதவீதம்தான் குறைகிறது. ஆனால் சக்தி ஏன் 20 சதவீதம் குறைய வேண்டும்? மிச்ச நான்கு எங்கே போனது? விடை உராய்வில். வாயு பிஸ்டனைத் தள்ளுகிற வேலை காற்றின் அளவுக்கு ஏற்றபடி குறையும், ஆனால் ரிங், பேரிங், கேம் செயின், ஒயிலைக் கலக்குவது எல்லாம் கேட்கிற வரி அப்படியே இருக்கும். இன்ஜின் கடல் மட்டத்தில் இருக்கிறதா மலையில் இருக்கிறதா என்று ஒயிலுக்குத் தெரியாது. சம்பளம் குறைந்தாலும் கடைக் கணக்குக் குறையாது இல்லையா, கையில் மிஞ்சுவது சம்பளம் குறைந்ததைவிட அதிகமாகக் குறையும். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதை வரைபு போட்டு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் தாத்தா தேயிலை ஸ்டோரில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். கூரைக்கு மேலே நீட்டிய எக்ஸோஸ்ட் குழாயிலிருந்து வரும் சத்தத்தை வைத்து, வீட்டிலிருந்தபடியே, இப்போது ரோலர் ஓடுகிறது, இப்போது வாட்டுகிற மாடியில் காற்றாடி போட்டிருக்கிறார்கள் என்று சொல்வார். சுமை கூடினால் "இன்ஜின் மூச்சு வாங்குது" என்பார். நான் திரையில் எக்ஸோஸ்ட் அமுக்க வரைபைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் காதால் படித்ததும் இந்தக் கோட்டைத்தானே என்று தோன்றியது.

சரி, சைலன்சர். தடுப்புகளை மாடலில் எடுத்துவிட்டேன், கம்ப்யூட்டரில் ஹேக்சோ தேவையில்லை. கூடியது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. நம்பாமல் எக்ஸோஸ்ட் குழாயின் நீளத்தை 300 மி.மீ.யிலிருந்து 1,200 மி.மீ. வரை நீட்டிப் பார்த்தேன். இரண்டு சதவீதம் மேலே, இரண்டு சதவீதம் கீழே. காரணத்தைத் தேடினால் அது கேமில் இருக்கிறது. எக்ஸோஸ்ட் குழாயின் வித்தை முழுவதும், குழாய் முனையில் திரும்பி வருகிற தாழமுக்க அலை, இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்து, மிச்சப் புகையை உறிஞ்சி, புதுக் காற்றையும் கூடவே இழுப்பதில்தான். பந்தய இன்ஜின்களில் அந்த நேரம் நீளம். தபால்காரர் வண்டியில் அது கண் சிமிட்டுகிற நேரம்தான், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று போகிற வண்டிக்கு அமைதியான ஐட்லிங் வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அலை வந்து கதவைத் தட்டினாலும் திறந்துவிட ஆள் இல்லை. மாமாவிடம் சைலன்சரைத் தொடாதீர்கள், சத்தம்தான் கூடும் என்றேன். அவருக்கு ஏமாற்றம். சத்தமும் கொஞ்சம் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

மாடலுக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயம் காபுரேட்டர். நான் போட்ட எரிபொருள் தெளிப்பான், உள்ளே போகிற காற்றை எடை பார்த்து 13க்கு ஒன்று என்று கலக்கிக்கொண்டே இருக்கும், எந்த மலையில் ஏறினாலும். உண்மையான காபுரேட்டர் அப்படி எடை பார்க்காது. அதற்குத் தெரிவது தொண்டையில் உண்டாகிற அமுக்க வித்தியாசம் மட்டும். காற்றின் அடர்த்தி குறையும்போது காற்று நேர் விகிதத்தில் குறைகிறது, பெற்றோலோ அதன் வர்க்கமூலத்தில்தான் குறைகிறது. அடர்த்தி 0.84 மடங்கு என்றால் கலவை 0.916 மடங்கு, 13 என்பது 11.9 ஆகிவிடும். கொழும்பில் சரியாக இருந்த ஜெட், அதாவது காபுரேட்டரில் பெற்றோல் வருகிற சின்னத் துவாரம், மேலே ஒன்பது சதவீதம் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றுகிறது. மாடலில் கையால் 11.9 என்று போட்டேன். சக்தி கொஞ்சம்தான் குறைந்தது, பெற்றோல் செலவுதான் உறுத்தியது. அந்த வருடம் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர்தான். முழுத் த்ரொட்டிலிலேயே மலையேறுகிற மனிதருக்கு அதில் ஒரு லீற்றரில் மூன்றில் ஒரு பங்கு புகையாகப் போகிறது. இதைச் சொன்னதும்தான் மாமா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது, மாடலுக்குக் கிடைத்த முதல் சாட்சி. ஜெட்டில் 75 என்று எண் அடித்திருந்தது. பெற்றோல் எட்டு சதவீதம் குறைய வேண்டுமென்றால் துவாரத்தின் விட்டம் நான்கு சதவீதம் குறைய வேண்டும், அதாவது 72. பாஸ் ஒரு தகர டப்பாவைக் கொட்டித் தேடி, 72 ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இங்கே மேலே ஓடுகிற வண்டிகளுக்கு அவர் ரொம்ப நாளாகவே சின்ன ஜெட்தான் போடுகிறாராம். "இதுக்கா தம்பி நாலு மாசம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

எண்கள் நிஜமா என்று பார்க்க, இன்ஜின் சக்தியை அளக்கிற டைனோ ஏது எங்களிடம். ரோட்டைத்தான் டைனோவாக்கினோம். ஏறக்குறைய ஒரே சீராக ஏறுகிற 600 மீற்றர் துண்டில், மாமா, வண்டி, மூட்டை சேர்த்து 190 கிலோவை முழுத் த்ரொட்டிலில் ஏற்றி, ஃபோனில் நேரம் பார்த்தோம். 60 மீற்றர் உயரத்தை 75 செக்கனில் ஏறினார். எடையைத் தூக்கிய வேலை மட்டும் 1.5 கிலோவாட், டயர் உருளும் இழப்பும் எதிர்காற்றும் சேர்த்தால் இரண்டுக்குக் கிட்ட, செயினிலும் கியரிலும் போனதைத் திருப்பிச் சேர்த்தால் இன்ஜினில் 2.3. அந்தச் சுற்று வேகத்தில் மாடல் சொன்னது 2.5. தேய்ந்த ரிங்கையும் நான் ஊகித்துப் போட்ட வால்வு பாய்ச்சல் குணகங்களையும் நினைத்தால் இந்த நெருக்கமே எனக்குப் பெரிது, உண்மையில் கொஞ்சம் சந்தேகமும்தான், இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாகத் தெரிகிறதோ என்று. வால்வு வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கிற ஃப்ளோ பெஞ்ச் ஒன்று கிடைத்தால் அந்தக் குணகங்களை அளந்து போடுவேன்.

கடைசி வளைவு? அதை ஜெட் தீர்க்கவில்லை. போன குதிரை போனதுதான், மேலே காற்று இல்லாததற்குக் காபுரேட்டர் என்ன செய்யும். தீர்த்தது பாஸ். முன் ஸ்ப்ரொக்கெட்டில் பதினைந்து பல் இருந்த இடத்தில் பதினான்கு பல்லைப் போட்டார், சக்கரத்தில் ஏழு சதவீதம் கூடுதல் இழுவை. என் மாடல் கிராங்கோடு நின்றுவிடுவதால் இது அதற்குள் வரவே இல்லை. அரை மணி நேர வேலை. இப்போது மாமா அந்த வளைவில் காலை ஊன்றுவதில்லை. சமதரையில் வண்டி கொஞ்சம் கத்துகிறது, அதனால் அவருக்கு வேண்டியிருந்த சத்தமும் கிடைத்துவிட்டது.

போன மாதம் கூப்பிட்டு, "கண்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறேன்டா, பழைய ஜெட்ட மாட்டணுமா?" என்று கேட்டார். மாடலைத் திறந்து, 500 மீற்றர், 28 பாகை என்று இரண்டு பக்கமும், ஆமாம் இரண்டு பக்கமும், போட்டு ஓட்டினேன். 72 ஜெட்டோடு கலவை 13.8க்குப் போகும். ஓடும், ஆனால் ஏற்றத்தில் இன்ஜின் சூடாகும், திரும்பி வரும்போது வேறு மூட்டை முடிச்சு இருக்கும், அதனால் பழையதை மாட்டுங்கள் என்றேன். பாஸ் ஒன்றும் ஆகாது, அப்படியே போங்கள் என்றாராம். இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு, காலையில் மழையைப் பார்த்துவிட்டு, மாமா பஸ்ஸில் போனார்.